கல்லுக்கு வடக்கே

எனக்குச் சாய்வு நாற்காலி வேண்டாம், தம்பி. அந்த ஸ்டூல் போதும். எழுபது வயதுக்குப் பிறகும் என் முதுகு எதன்மேலும் சாய்ந்து பழகவில்லை. மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தில் நான் சொல்வது உங்கள் எழுத்தருக்குச் சரியாகக் கேட்காமல் போகலாம். ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

முதலில் கந்தனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செவிலிமேட்டில் என் நிலத்தில் இருந்த, வெள்ள எல்லைக்கு அரசாங்கம் நட்ட கல்லை அவன் நகர்த்தினான் என்று பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவனும் தானே செய்ததாகச் சொல்கிறானாம். கடப்பாரை பிடித்த கை அவனுடையதுதான். ஆனால் என் பண்ணையில் அவன் ஒரு செங்கல்லைக்கூட என் சொல் இல்லாமல் இடம் மாற்றியவன் இல்லை. ஒரு பண்ணையாள் தன் இஷ்டத்துக்கு என் நிலத்துக் கல்லைப் பிடுங்கினான் என்று உங்கள் தாளில் ஏறினால், ஆதிகேசவன் வீட்டில் சொல்லுக்கு மதிப்பு இல்லை என்று ஆகிவிடும். அதைத் திருத்தத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். மற்றபடி யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நீங்கள் வெளியூர்க்காரர் என்று தெரிகிறது. அதனால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்ரா பௌர்ணமிக்குச் சாமி பாலாற்றுக்கு எழுந்தருளும்போது ஆற்றங்கரையில் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் இறக்கி வைப்பார்கள். முதல் தீர்த்தமும் பரிவட்டமும் எங்கள் வீட்டுக்கு. அது பழைய வழக்கம். ஆனால் ஊர் எங்களைப் பார்த்து எழுந்து நிற்பது அதற்காக மட்டும் இல்லை.

யுத்த காலத்தில் ஒரு ஐப்பசியில் பாலாறு பெருகியது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டது. என் அப்பா போகவில்லை. ‘என் மண்டபத்தைத் தாண்டி ஆறு வராது’ என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நானும் கூட நின்றேன். மழை விட்டு ஊர் திரும்பியபோது மண்டபம் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. சுவரில் ஒரு கறை கிடையாது. அன்றிலிருந்து நாங்கள் ஆறு நின்ற வீட்டுக்காரர்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் வருகிறவர்கள் அந்தப் பேரைச் சொல்லித்தான் வருவார்கள். அப்பா இறந்த பிறகு நான் காப்பாற்ற வேண்டிய சொத்து என்று இருந்தது அது ஒன்றுதான். நிலம் வரும், போகும்.

சில வருஷங்களுக்கு முன்பு அரசாங்க ஆட்கள் வந்தார்கள். மூன்று கால் வைத்த குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். இங்கும் அங்கும் மண்ணைத் தோண்டி முகர்ந்தார்கள். பிறகு ஆற்றங்கரை நெடுகக் கல் நட்டார்கள். கல்லுக்குத் தெற்கே வெள்ளம் வரும் இடம், வடக்கே வராத இடம் என்று கணக்கு. என் நிலத்தில் நட்ட கல்லை மண்டபத்துக்கும் வடக்கே, வெகுதூரம் தள்ளி, ஏறக்குறைய பஸ் போகும் ரோட்டுக்குப் பக்கத்தில் நட்டார்கள். அதாவது, மண்டபம் வெள்ளம் வரும் இடம். என் அப்பா நின்ற இடம் வெள்ளம் வரும் இடம்.

நான் அந்த அதிகாரியிடம் சொன்னேன். சின்ன வயது, மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு கல்லின்மேல் சிவப்பு அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பேச்சு மாறியது. எனக்குப் பங்காளி முறை ராஜகோபால் என்று ஒருவன். பஸ் ஸ்டாப் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டான்: “ஏன்ணா, பெரியப்பா நிறுத்தின ஆறு இத்தினி நாளும் உங்க கொல்லையிலதான் உக்காந்துக்கினு இருக்குதாமே. சர்க்காரு சொல்லுது.” யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. டம்ளரை வாயில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த சித்ரா பௌர்ணமிக்குப் பரிவட்டம் கட்டும்போது அதே முகங்களைப் பார்த்தேன். அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் என் தலையில் இருந்த துணிக்கு எடை இல்லாமல் போயிருந்தது.

ஒரு மாசி மாதத்தில், நல்ல வெயிலில், கந்தனைக் கூப்பிட்டு வண்டி கட்டச் சொன்னேன். வண்டிப் பாதைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லி, கல்லைப் பெயர்த்து மண்டபத்துக்குத் தெற்கே, ஆற்றின் ஓரத்தில் நட வைத்தேன். ஒளிந்து செய்யவில்லை. ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. கந்தன், “இங்கயாங்க?” என்று ஒருமுறை கேட்டான். “இங்கேதான்” என்றேன். அவன் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினான். அவன் பங்கு அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

கல் இடம் மாறினால் மட்டும் போதாது. அந்த நிலத்தில் ஆள் குடியிருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும், அடுப்புப் புகை தெரிய வேண்டும். மண்டபத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் நான் மனை பிரித்து ஓட்டு வீடு ஒன்று கட்டிப் போட்டிருந்தேன். கல் வந்த நாளிலிருந்து அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அதை விற்பது என்று முடிவு செய்தேன். பணத்துக்காக என்று நினைக்காதீர்கள். வாங்கியவர்கள் கேட்ட விலைக்கே கொடுத்தேன்.

வாங்கியவர் நமச்சிவாயம். பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீட்டில் இருந்து பட்டு நெய்தவர். மனைவி காமாட்சியம்மாள், மகள் கலாவதி, மகன் தனசேகரன். நல்ல குடும்பம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் திருநீறு பூசாமல் உட்கார மாட்டார்கள். முதலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் வீட்டைக் கேட்டு வந்தார். அவருக்கு நான் கொடுக்கவில்லை. வாத்தியார் என்றால் மாற்றல் வந்தால் போய்விடுவார், மழை வந்தாலும் பூட்டிக்கொண்டு போய்விடுவார். நெசவுக்காரர் அப்படி இல்லை. வீட்டுக்குள் குழி தோண்டித் தறியை இறக்கிவிட்டால், அந்த வீட்டோடு ஊன்றிவிட்டார் என்று அர்த்தம். பாவு, அதாவது சேலையின் நீள இழை, தறியில் ஏறியிருக்கும்போது அவரை அசைக்க முடியாது. எனக்கு அப்படி ஊன்றுகிறவர் வேண்டும்.

அந்த அம்மாளுக்குத்தான் ஆற்றைப் பற்றிப் பயம். வீட்டைப் பார்க்க வந்த அன்று இன்சூரன்ஸ் ஏஜென்டையும் கூடவே அழைத்து வந்திருந்தார். இளங்கோவன் என்று பெயர், பேன்ட் போட்ட பையன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, “சார், கம்பெனி ரூல் ஒண்ணுதான். கல்லுக்குத் தெற்கே இருந்தா ஃப்ளட் கவர் கிடையாது. ஃபயர் மட்டும் போட்டுத் தருவோம்” என்றான்.

“நெருப்பை நான் பாத்துக்கறேம்பா. எனக்கு ஆத்துக்குத்தான் எழுதணும்” என்றார் காமாட்சியம்மாள்.

நமச்சிவாயம் சிரித்தார். “மாடத்துல தூறல் பட்டாலே இவளுக்கு இன்சூரன்ஸ் வேணும்பா. என்னைக் கட்டிக்கிறப்ப ஏன் கேக்கலைன்னுதான் தெரியலை.”

“அப்ப இந்தப் புள்ள பொறக்கலை. பொறந்திருந்தா எழுதி வாங்கியிருப்பேன்” என்றார் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இளங்கோவன் கல்லிலிருந்து வீட்டுக்கு அளந்தான். அவனுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை. நாடாவின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டேன். “தாராளமா வடக்கே இருக்குது, அம்மா. ஃப்ளட்டுக்கும் சேர்த்தே எழுதிடலாம்” என்றான். காமாட்சியம்மாளின் முகத்தில் அதுவரை இருந்த இறுக்கம் போய்விட்டது. வீட்டுக்குள் போய் எந்த மூலையில் அடுப்பு என்று பார்க்க ஆரம்பித்தார். அதன் பிறகு அவர் கல்லைத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவு இல்லை.

பங்குனியில் தறிக்குழி தோண்டினார்கள். நெசவுக்காரர் வீடு வாங்கினால் குழியில் ஈரம் கசிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பங்குனியில் எங்கே கசியும்? ஆனால் இடுப்பளவு போனதும் நமச்சிவாயம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குழிச் சுவரில், மேலே செம்மண், அதன் அடியில் ஒரு சாண் கனத்துக்குக் கறுத்த வண்டல். அதில் நத்தைக்கூடு பதிந்திருந்தது. கலாவதி ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஐயா, இது ஆத்து வண்டல் மாதிரி இருக்குதே” என்றார்.

“ஏரி தூர் வாரினப்போ கொட்டின மண்ணுப்பா. அப்பா காலத்துல” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “இல்ல, கேட்டுக்கலாம்னுதான். ஆறு நின்ன வீட்டு வார்த்தைக்கு மேல எங்களுக்கு என்ன இருக்குது.” பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி குழியில் இறங்கினார்.

அந்த வார்த்தையை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, தம்பி. அவராகவே சொன்னார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருவர் வாயிலிருந்து அது வந்தது. வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது எனக்கு இருந்த மனநிலையை உங்கள் எழுத்தரால் எழுத முடியாது, விட்டுவிடுங்கள்.

அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். தறிச் சத்தம் ரோடு வரை கேட்கும். உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா ஒரு பக்கம், மகள் மறுபக்கம் உட்கார்ந்து நெய்வார்கள். ராஜகோபால் டீக்கடையில் வாயைத் திறப்பதில்லை. அந்த வருஷம் சாமி மண்டபத்துக்கு வந்தபோது காமாட்சியம்மாள் கோலம் போட்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் அந்த வீட்டைப் பார்த்தார்கள். புதுக் குடும்பம் வந்திருக்கிறதே என்று பேசிக்கொண்டார்கள். மற்ற மனைகளையும் இரண்டு பேர் வந்து கேட்டார்கள்.

பிறகு இந்த ஐப்பசி. மேற்கே மலைப்பக்கம் விடாத மழை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. காலையில் நான் என் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் காஞ்சிபுரத்தில் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினேன். மாடுகளையும் ஓட்டிப் போகச் சொன்னேன். தொழுவம் ஒழுகியது, அதுதான் காரணம். என் வீடு ரோட்டுக்கு வடக்கே மேட்டில் இருக்கிறது என்பதை நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

மத்தியானம் தண்டோரா போட்டார்கள். கல்லுக்குத் தெற்கே இருக்கிறவர்கள் எல்லோரும் உடனே மேட்டுக்குப் போக வேண்டும், வடக்கே இருக்கிறவர்கள் பயப்பட வேண்டாம் என்று. பறை அடித்தவன் ஆற்றோரம் நின்ற கல்லைப் பார்த்தான், வடக்கே இருந்த ஓட்டு வீட்டைப் பார்த்தான், அடித்துக்கொண்டே மேற்கே போய்விட்டான். அந்தப் பக்கம் கல்லுக்குத் தெற்கே இருந்த பத்துப் பதினைந்து குடிசைக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல் நட்டது நல்ல ஏற்பாடுதான். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கந்தன் என் வாசலில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். “ஐயா, அந்த நெசவுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடட்டுமா?”

“என்ன சொல்வே?”

அவன் யோசித்தான். சொல்வதற்கு அவனிடம் ஒன்றுதான் இருந்தது, அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு வைக்கோலை மூடப் போனான். நான் அவனைத் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்விதான் கேட்டேன்.

அதன் பிறகு காமாட்சியம்மாள் வந்தார். புடவைத் தலைப்பு முழுக்க நனைந்திருந்தது. திண்ணையில் ஏறாமல் படியிலேயே நின்றார்.

“பெரியவரே, குழியில தண்ணி ஊறுதுங்க. மிதிபலகை மெதக்குது. அவரு குழிக்குமேல பலகை போட்டுக்கினு உக்காந்திருக்காரு, எழுந்திருக்க மாட்டேங்கறாரு. சென்னையில கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை, பாவை அறுக்க முடியாதுன்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. பட்டு போனா போகட்டும், புள்ளைய இட்டுக்கினு கிளம்பிடலாமான்னு பாக்கறேன்.”

அந்த அம்மாள் என்ன கேட்டு வந்தார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் ‘போங்கள்’ என்று சொன்னால் போதும். கால் மணி நேரத்தில் அவர்கள் ரோட்டுக்கு வந்திருப்பார்கள். ரோட்டில் மூட்டையோடு நெசவுக்காரக் குடும்பம் நிற்கும். டீக்கடையில் ராஜகோபால் இருப்பான். ஆறு நின்ற வீட்டுக்காரரே அனுப்பிவிட்டாராமே என்பான். அது இன்றைக்கு ஒருநாள் பேச்சாக இருக்காது.

“தண்டோரா யாருக்குப் போட்டான்மா?” என்று கேட்டேன்.

“கல்லுக்குத் தெக்கால இருக்கறவங்களுக்கு.”

“உங்க வீடு எங்க இருக்குது?”

“வடக்கால.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “அவரு சொல்றது சரிதான். நான்தான் பயந்தாங்கொள்ளி. ஊத்துத் தண்ணியா இருக்கும், இல்லீங்களா?”

“மழை நாளுல குழியில ஊத்து வராதா?” என்றேன். “போயி அடுப்பைப் பத்த வைம்மா. நனைஞ்சிருக்கே.”

போகும்போது அவர் கும்பிட்டார். எங்கள் வீட்டுப் படியில் நின்று கும்பிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நிம்மதியாகக் கும்பிட்டவர் வேறு யாரும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. அதிகம் சத்தம் இல்லை. நான் என் மாடியில் நின்று பார்த்தேன். முதலில் கல் மறைந்தது. மண்டபத்தின் படிகள் மறைந்தன. ஓட்டு வீட்டு ஜன்னலில் விளக்கு சிறிது நேரம் தெரிந்தது. நமச்சிவாயம் பட்டை உத்தரத்தில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்று பிறகு சொன்னார்கள். அது மட்டும் கட்டு அவிழாமல் அங்கேயே இருந்தது. அவரையும் அந்த அம்மாளையும் கலாவதியையும் தறிக்குப் பக்கத்திலேயே கண்டெடுத்தார்கள். மகன் தனசேகரன் ஜரிகை வாங்க டவுனுக்குப் போனவன், ரோடு முழுகியதால் வர முடியவில்லை. அதனால் இருக்கிறான்.

மீதி உங்களுக்கே தெரியும். இளங்கோவன் கம்பெனி ஆளோடு வந்தான். வீட்டைச் சுற்றி வந்தான், கல்லடியில் நின்றான். வடக்கே இருக்கும் வீட்டில் எப்படிச் சார் கூரை வரைக்கும் தண்ணி என்று என்னையே கேட்டான். எல்லைக்கல் நடும்போது அடியில் கரி போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கல் இடம் மாறினாலும் கரி மாறாது, மண்ணில் மக்காது. அவன் கல்லைப் பெயர்த்துப் பார்த்தான், அடியில் வெறும் மணல். ரோட்டுப் பக்கம் தோண்டிப் பார்த்தான், கரி கிடைத்தது. வீடு கல்லுக்குத் தெற்கே என்று ஆகிவிட்டதால் தனசேகரனுக்குக் கம்பெனி ஒன்றும் தராது என்று கேள்விப்பட்டேன். அது அவர்கள் சட்டம். நான் அதில் தலையிட முடியாது.

கரி இருக்கும் என்று எனக்கு மறந்துபோனதா என்று நேற்று உங்கள் ஆள் டீக்கடையில் கேட்டானாம். மறக்கவில்லை. எங்கள் நிலத்து எல்லைக் கல்லுக்கெல்லாம் என் கையால் கரி போட்டவன் நான். ஆறு நின்ற வீட்டு நிலத்தை ஒருவன் தோண்டிப் பார்ப்பான் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பது ஒன்று இருக்கிறது. அப்பா சொல்லை நம்பித்தான் நான் அப்படி இருந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளலாமா என்று பார்க்கிறீர்கள். கிழவனுக்கு ஒரு வழி விடலாம் என்று. வேண்டாம். எனக்குத் தெரியும். யுத்த காலத்து வெள்ளத்தில் அப்பாவும் நானும் மண்டபத்துக்குள் நிற்கவில்லை. மண்டபத்தின் கூரைமேல் உட்கார்ந்திருந்தோம். கீழே தண்ணீர் தூண்களின் கழுத்து வரை போயிற்று. வடிந்த பிறகு அப்பா சுண்ணாம்பு கரைத்து என் கையில் மட்டையைக் கொடுத்தார். ஊர் திரும்புவதற்குள் சுவரை வெளுத்தோம். நிலத்தில் படிந்த வண்டலின்மேல் செம்மண் கொண்டுவந்து பரப்பினோம். நமச்சிவாயம் வெட்டியது நான் பரப்பிய மண்ணைத்தான்.

இந்த முறையும் அதைச் செய்தேன். அந்த மூன்று பேரையும் ரோட்டில் கிடத்தி வைத்திருந்த காலையில் நான் மண்டபத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் சாமி காரியம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஆகையால், தெரியாமல் நடந்தது என்று எழுத வேண்டாம். தண்ணீர் எதுவரை வரும் என்று தெரிந்து கல்லை நகர்த்தினேன், தெரிந்து அவர்களை அங்கே குடிவைத்தேன், தெரிந்து அந்த அம்மாளைத் திருப்பி அனுப்பினேன். ஆதிகேசவன் சொன்னான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தனசேகரன் ஊரெல்லாம் போய், நாங்கள் அவன் குடும்பத்தை ஏமாற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். துக்கத்தில் பேசுகிறான், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது சரியில்லை. அவன் அம்மா கடைசியாக எங்கள் வீட்டுப் படியிலிருந்து இறங்கிப் போனபோது அந்த முகத்தில் ஒரு துளி சந்தேகம் இல்லை. கடைசிவரை அவர்கள் எங்கள் வார்த்தையை நம்பினார்கள். அந்த நம்பிக்கை கெடும்படி நான் எதுவும் செய்யவில்லை.